கோதுமைத் துருவும் நீலகிரி மலையும்

கோதுமை என்றால் நமக்குப் பஞ்சாப் ஞாபகம் வரும், ஹரியானா ஞாபகம் வரும். சப்பாத்தி மாவுக்கும் ஊட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் மத்திய இந்தியாவின் கோதுமை வயல்களைத் தலைமுறை தலைமுறையாக அழித்துவந்த ஒரு நோய், கோடை முழுவதும் ஒதுங்கி உயிர் பிழைத்த இடம் நீலகிரியும் பழனி மலையும்தான். அந்த நோய்க்கு ஈடுகொடுக்கும் கோதுமையை உருவாக்குகிற வேலையில் ஒரு முக்கியமான பகுதியும் குன்னூருக்குப் பக்கத்தில், வெலிங்டனில் நடக்கிறது.

நோயின் பெயர் துரு. பழைய இரும்பைத் தடவினால் கையில் ஒட்டுகிற செங்காவிப் பொடி மாதிரியே, நோய் பிடித்த பயிருக்குள் நடந்தால் வேட்டியில் ஒட்டும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு பூஞ்சை வித்து. கோதுமையைத் தாக்கும் துரு மூன்று வகை. தண்டைப் பிடித்து, அறுவடை நெருங்கும்போது கறுத்துப்போவது கருந்துரு. இலையில் ஆரஞ்சுப் புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பது பழுப்புத் துரு. இலை நரம்பை ஒட்டித் தையல் போட்டதுபோல வரிவரியாக ஓடுவது மஞ்சள் துரு. மூன்றும் நெருங்கிய உறவுதான், ஆனாலும் தனித்தனிப் பூஞ்சைகள். மஞ்சள் துருவுக்குக் குளிர் வேண்டும், கருந்துருவுக்கு வெதுவெதுப்பு வேண்டும். விவசாயி அதிகம் பயந்தது கருந்துருவுக்குத்தான். முற்றி நிற்கும் பயிரை இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் சக்தி அதற்கு உண்டு.

அது வேலை செய்யும் விதம் இப்படி. காற்றில் வந்த வித்து இலையிலோ தண்டிலோ விழுகிறது. இரவுப் பனி ஈரம் சில மணி நேரம் நின்றால் போதும், முளைத்துவிடும். இலைத்துளை வழியாக உள்ளே நுழைந்து, செடியின் உயிரணுக்களுக்குள் உறிஞ்சு குழல்களை இறக்கும். செடியைக் கொல்லாது. உயிருள்ள திசுவில் மட்டுமே வாழத் தெரிந்த பூஞ்சை இது. ஆகவே செடியை உயிரோடு வைத்துக்கொண்டு, கதிருக்குப் போகவேண்டிய சத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தண்டின் தோல் கிழிந்து புதிய வித்துக்கள் கொட்டும். அது ஒவ்வொன்றும் அடுத்த செடிக்கு. தோல் கிழிந்த தண்டு நீரை இழந்து, வலுவும் இழந்து சாயும். கதிரில் மணி சூம்பிப்போகும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நர்மதைப் பள்ளத்தாக்கில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஸ்லீமன் இதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மைல் கணக்கில் விரிந்து கிடந்த கோதுமையை அறுக்கும் கூலிக்குக்கூடப் பெறாது என்று மக்கள் அப்படியே விட்டுவிட்டார்களாம். 1946-47ல் மத்திய இந்தியாவில் மறுபடியும் பெரிய அழிவு வந்தது. உணவுத் தட்டுப்பாட்டில் இருந்த ஒரு நாடு சுதந்திரத்தின் வாசலில் நிற்கும்போது விழுந்த அடி அது.

இங்கே ஒரு புதிர் இருந்தது. சமவெளியில் ஏப்ரலுக்குள் கோதுமை அறுவடை முடிந்துவிடும். மே, ஜூன் வெயிலில் வயலில் பயிரும் இருக்காது, அந்தச் சூட்டில் வித்தும் பிழைக்காது. அப்படியானால் அடுத்த பருவத்தில் நோய் எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவில் இதற்குப் பதில் கண்டுபிடித்திருந்தார்கள். பார்பெரி என்ற முட்புதரில் இந்தப் பூஞ்சை தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழிக்கிறது என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஆன்டன் டி பாரி 1865ல் நிரூபித்தார். அமெரிக்காவில் 1918 முதல் பார்பெரியை ஊர் ஊராகத் தேடிப் பிடுங்கினார்கள். இமயமலையிலும் பார்பெரி வளர்கிறது. அதனால் இந்தியாவிலும் அதுவே காரணமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு.

ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா அப்படி நினைத்து விட்டுவிடவில்லை. 1920கள் தொடங்கி ஆண்டுக்கணக்காக மலைகளில் அலைந்தார். காற்றில் மிதக்கும் வித்துக்களைப் பிடித்து எண்ணினார். எந்த ஊரில் எந்தத் தேதியில் நோய் முதலில் தென்படுகிறது என்று பதிவு செய்தார். அவர் கண்ட முடிவு: இந்தியாவில் பார்பெரிக்குப் பங்கு இல்லை. மலைகளில் ஆண்டு முழுவதும் எங்காவது கோதுமைச் செடி பச்சையாக நிற்கிறது. பூஞ்சை அதிலேயே கோடையைக் கழித்துவிட்டு, பருவம் வந்ததும் காற்றேறிச் சமவெளிக்கு இறங்குகிறது. மஞ்சள் துரு இமயமலையிலிருந்து வருகிறது. பழுப்புத் துரு வடக்கு, தெற்கு இரண்டு மலைகளிலிருந்தும் வருகிறது. கருந்துருவால் இமயமலைக் குளிர்காலத்தைத் தாங்கமுடியாது. அது தெற்கிலிருந்து, நீலகிரி, பழனி மலைகளிலிருந்து வருகிறது.

நீலகிரியிலிருந்து மத்தியப் பிரதேசம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இடையில் நெல்லும் சோளமும் பருத்தியும்தான். இவ்வளவு தூரத்தை இந்தத் தூசி எப்படித் தாண்டுகிறது? 1970களில் பயிர் நோய் விஞ்ஞானி எஸ். நாகராஜனும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்கு விடை தேடி வானிலை வரைபடங்களையும் செயற்கைக்கோள் மேகப் படங்களையும் எடுத்துவைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டதில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்: நவம்பர் மாதப் புயல். வங்கக் கடலில் உருவாகித் தமிழக, ஆந்திரக் கரையைக் கடந்து உள்ளே போகும் புயல், போகிற போக்கில் மலைமேல் இருந்த வித்துக்களை வாரிக்கொண்டு போகிறது. மத்திய இந்தியாவின் மேல் அது வலுவிழந்து மழையாகக் கொட்டும்போது வித்துக்களும் மழையோடு இறங்குகின்றன. அங்கே அப்போதுதான் கோதுமை முளைத்து நிற்கும். மழைநீரைச் சேகரித்துப் பார்த்தபோது வித்துக்கள் அதில் இருந்தன. நமக்குச் சென்னையில் வெள்ளமாக வருகிற அதே வானிலை, நர்மதைக் கரை விவசாயிக்கு மூன்று மாதம் கழித்து வேறு விதமான துன்பமாக வந்திருக்கிறது.

மேத்தா சொன்ன வழி, மலைகளில் கோடைக் கோதுமையை நிறுத்திவிடலாம் என்பது. பூஞ்சைக்கு இடைத்தங்கல் இல்லாமல் போய்விடும். கணக்குச் சரிதான். ஆனால் நீலகிரிப் படுகர் ஊர்களில் சம்பா கோதுமை அன்றாட உணவு. எங்கோ இருக்கிற வயலைக் காப்பாற்ற இந்த ஊர்க்காரர்கள் தங்கள் சாப்பாட்டை விடவேண்டும் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல வேளையாக இன்னொரு வழி இருந்தது. மலையில் கோதுமை இருக்கட்டும், ஆனால் துரு பிடிக்காத கோதுமையாக இருக்கட்டும்.

சரி, துரு பிடிக்காத கோதுமை என்றால் என்ன?

1905ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபென் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். மஞ்சள் துருவை எதிர்க்கும் தன்மை மெண்டல் சொன்ன கணக்குப்படியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. அதாவது அது ஒரு மரபணுவின் வேலை. ஒரு ரகத்தில் இருப்பதை எடுத்து இன்னொரு ரகத்தில் சேர்க்கமுடியும். பெரிய நம்பிக்கை பிறந்தது. ஒருமுறை சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் தோன்றும்.

தீரவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் எல்வின் ஸ்டாக்மன், கருந்துரு என்பது ஒரே பூஞ்சை அல்ல, வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத பல இனங்களின் கூட்டம் என்று கண்டார். ஓர் இனத்தை எதிர்க்கும் கோதுமை இன்னோர் இனத்திடம் தோற்றுவிடும். இனங்களைப் பிரித்தறிய அவர் 12 வகைக் கோதுமைகளைத் தேர்ந்தெடுத்தார். எந்த வகையில் நோய் பிடிக்கிறது, எதில் பிடிக்கவில்லை என்று பார்த்தே இனத்துக்கு எண் கொடுத்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றின் பெயர் கப்லி. இந்தியாவிலிருந்து போனது. மகாராஷ்டிராவிலும் கர்நாடகத்திலும் கப்லி என்று சொல்லும் அந்த வகையைத்தான் நாம் சம்பா கோதுமை என்கிறோம். (கடையில் அந்தப் பெயரில் விற்கும் ரவை எல்லாம் அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அன்று தெரிந்த இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றால் கப்லியை ஒன்றும் செய்யமுடியவில்லை. அதிலிருந்து வந்த எஸ்ஆர்13 என்ற மரபணு இன்றும் பயன்படுகிறது. எஸ்ஆர் என்பது தண்டுத் துருவுக்கான, அதாவது கருந்துருவுக்கான, ஆங்கிலப் பெயரின் சுருக்கம்.

இனத்துக்கு இனம் ஏன் இப்படி மாறுகிறது? பூஞ்சை செடிக்குள் நுழைந்ததும், செடியின் தற்காப்பை முடக்கச் சில புரதங்களை உள்ளே அனுப்புகிறது. செடியின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றும் அந்தப் புரதங்களில் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் அடையாளம் காணும். கண்டவுடன், நோய் நுழைந்த உயிரணு தன்னைத் தானே சாகடித்துக்கொள்ளும். உயிருள்ள திசு இல்லாமல் வாழத் தெரியாத பூஞ்சை அங்கேயே பட்டினி கிடந்து சாகும். செடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு காய்ந்த புள்ளி மட்டும் மிஞ்சும். அற்புதமான ஏற்பாடு. ஆனால் பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டாலோ கைவிட்டாலோ, செடிக்குக் கண் தெரியாமல் போய்விடும். ஒரு ஹெக்டேரில் கோடி கோடியாக வித்து உண்டாகும் உயிருக்கு அப்படி ஒரு மாற்றம் அரிதல்ல. அப்படி மாறிய ஒரு வித்துக்கு, லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே மரபணுவை நம்பி நிற்கும் ஒரே ரகம் காத்திருந்தால் என்ன ஆகும்?

இந்தியா அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. பசுமைப் புரட்சியின் கல்யாண்சோனா 1967ல் வெளியாகி எங்கும் பரவியது. சில ஆண்டுகளிலேயே பழுப்புத் துருவிடம் விழுந்தது. அப்புறம் 1995ல் பிபிடபிள்யூ 343 வந்தது. அருமையான ரகம். உச்சத்தில் சுமார் 70 லட்சம் ஹெக்டேரில் அது ஒன்றே நின்றது. 2001ல் பஞ்சாபின் படாலா பகுதியில் மஞ்சள் துருவின் புதிய இனம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்த ரகத்தின் தற்காப்பு அதற்குத் தெரிந்திருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் வடமேற்குச் சமவெளியில் விவசாயிகள் அதைப் படிப்படியாகக் கைவிட வேண்டியதாயிற்று. ரகத்தை உருவாக்கியவர்கள் மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரே ரகம் அவ்வளவு நிலத்தை நிரப்பும்வரை பார்த்துக்கொண்டிருந்ததுதான் தவறு.

பிபிடபிள்யூ 343க்குள் இன்னொரு மரபணுவும் இருந்தது. ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்ஆர்31. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான ரகங்களில் அது இருந்தது. சுமார் 30 ஆண்டுகள் கருந்துருவை அது தலைதூக்க விடவில்லை. கருந்துரு இனி இல்லை என்றே பலர் நினைத்தார்கள், ஆராய்ச்சிக்கும் பணம் குறைந்தது. 1998ல் உகாண்டாவில் எஸ்ஆர்31 உள்ள கோதுமையில் கருந்துரு தெரிந்தது. அடுத்த ஆண்டு உறுதியானது. யூஜி99 என்று பெயர் வைத்தார்கள். 2001ல் கென்யா, 2003ல் எத்தியோப்பியா, 2006ல் ஏமன், 2007ல் ஈரான் என்று அது நகர்ந்தது. பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக், 91 வயதில், 2005ல் உலகை எச்சரித்தார். இளம் வயதில் மெக்சிகோவில் கருந்துருவோடு போராடித்தான் அவர் தன் வேலையையே தொடங்கியவர். கென்யாவின் ஞோரோவில் ஒரு சோதனைக் களம் அமைந்தது. இந்தியா உட்படப் பல நாடுகள் தங்கள் விதைகளை அங்கே அனுப்பி, யூஜி99 முன்னால் நிறுத்திப் பார்த்தன. பயிரில் இருந்த ரகங்களில் பெரும்பாலானவை தோற்றன.

யூஜி99 எப்படிப் பிறந்தது என்பது 2019ல்தான் தெரிந்தது. கருந்துருப் பூஞ்சையின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு உட்கருக்கள் தனித்தனியாக இருக்கும். இரண்டு இனங்கள் ஒரே செடியில் சந்தித்தபோது, இணைசேராமலே, பார்பெரி இல்லாமலே, உட்கருவை மாற்றிக்கொண்டிருக்கின்றன. யூஜி99இன் ஒரு பாதி, ஆப்பிரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்த ஒரு பழைய இனத்துடையது. மரபணுத் தகவலைப் படித்த ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டது இது. இந்தியாவுக்குள் யூஜி99 வந்ததாகப் பதிவு இல்லை.

எத்தியோப்பியாவின் அனுபவத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் கஷ்டம் அதில் முழுசாகத் தெரிகிறது. 2010ல் அங்கே மஞ்சள் துரு பயிரை வாரிக்கொண்டு போனது. மஞ்சள் துருவைத் தாங்கும் டிகாலு என்ற ரகத்தை விவசாயிகளிடம் வேகமாகக் கொண்டுபோனார்கள். யூஜி99யும் அதை ஒன்றும் செய்யவில்லை. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். 2013ல் யூஜி99 குடும்பத்தைச் சேராத வேறொரு கருந்துரு இனம் வந்து, பாலே பகுதியில் டிகாலு வயல்களை அழித்தது. எதிரி யார் என்று தெரிந்துகொண்டு தயாராக இருந்தவர்களுக்கே இது நடந்தது.

அப்படியானால் உடையாத எதிர்ப்பு என்று ஒன்று உண்டா? ஓரளவு உண்டு. அது நோயை அடியோடு தடுப்பதில்லை. நோய் வரும், ஆனால் மெதுவாக வரும். கொப்புளம் சிறியதாக இருக்கும், வித்து குறைவாகக் கொட்டும், பயிர் முற்றி முடிவதற்குள் நோயால் பெரிதாகப் பரவமுடியாது. எஸ்ஆர்2 என்ற மரபணு அப்படிப்பட்டது. 1916ல் அமெரிக்காவில் கருந்துருப் பேரழிவு நடந்த காலத்தில், தெற்கு டகோட்டாவின் எட்கர் மெக்ஃபாடன் என்ற இளைஞர் யாரோஸ்லாவ் என்ற எம்மர் கோதுமையை ரொட்டிக் கோதுமையோடு சேர்த்தார். எம்மர் என்பது நம் சம்பா கோதுமையின் இனம்தான். அதற்கு 28 குரோமோசோம், ரொட்டிக் கோதுமைக்கு 42. சேர்ந்தாலும் பெரும்பாலும் மலடாகத்தான் போகும். பிழைத்த சொற்ப விதைகளை வைத்துப் பல ஆண்டு உழைத்து அவர் ஒரு ரகம் எடுத்தார். ஹோப், அதாவது நம்பிக்கை, என்று பெயர் வைத்தார். அதிலிருந்துதான் போர்லாகின் மெக்சிகோ ரகங்களுக்கு எஸ்ஆர்2 போனது. நூறு ஆண்டு ஆகியும் அது இன்னும் உடையவில்லை. இந்த மரபணு இருக்கும் செடியில் கதிரின் உமியும் தண்டுக் கணுவும் லேசாகக் கறுத்திருக்கும். ஆய்வகமே இல்லாத காலத்தில் இந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

எல்ஆர்34 இன்னொன்று. எல்ஆர் என்பது இலைத் துருவுக்கான, அதாவது பழுப்புத் துருவுக்கான, ஆங்கிலப் பெயரின் சுருக்கம். பழுப்பு, மஞ்சள், கருமை மூன்று துருவையும், அதோடு சாம்பல் நோயையும் தணிக்கும். அதன் அடையாளம் இலை நுனி காய்வது. இந்த மாதிரி ஒன்று மட்டும் இருந்தால் கடுமையான ஆண்டில் போதாது. நான்கைந்து சேர்ந்தால் கிட்டத்தட்ட நோயே தெரியாது என்று மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற சர்வதேசக் கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி நிறுவனத்தில் ரவி சிங் குழுவினர் காட்டினார்கள். என்னைக் கேட்டால், ஒரு புதிய ரகத்தை வெளியிடும்போது மகசூல் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இந்த மெதுவான மரபணுக்கள் எத்தனை உள்ளே இருக்கின்றன என்று கேட்கவேண்டும். வலுவான மரபணுவைத் தனியாக வயலுக்கு அனுப்புவது அதை வீணடிப்பதுதான். அது உடைந்தபின், அதே மரபணுவை நம்பியிருந்த வேறு நாட்டுக்காரனுக்கும் சேர்த்து உடைந்துபோகிறது.

இப்போது மரபணுக்களையே தனியாகப் பிரித்தெடுக்க முடிகிறது. 2013ல் யூஜி99ஐ எதிர்க்கும் எஸ்ஆர்33, எஸ்ஆர்35 இரண்டும் ஒரே நேரத்தில் பிரித்தெடுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் நடந்த எஸ்ஆர்33 ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் சாம்பசிவம் பெரியண்ணன். 2021ல் ஐந்து மரபணுக்களை ஒரே கட்டாகக் கட்டிக் கோதுமைக்குள் வைத்துக் காட்டினார்கள். கட்டாக இருப்பதால் அடுத்தடுத்த தலைமுறையில் பிரிந்துபோகாது. பூஞ்சை ஒரே நேரத்தில் ஐந்தையும் ஏமாற்றியாக வேண்டும். ஆனால் அது மரபணு மாற்றுப் பயிர். இந்தியாவில் அப்படிப்பட்ட கோதுமையைப் பயிரிட அனுமதி இல்லை. அதனால் இங்கே இன்றும் நடப்பது பழைய வேலைதான்: கலப்பு, பின்கலப்பு, தேர்வு. மரபணு உள்ளே வந்திருக்கிறதா என்று நாற்றிலேயே சொல்லிவிடும் டிஎன்ஏ சோதனை மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

பின்கலப்பு என்றால், சி306 என்ற பழைய ரகத்தை எடுத்துக்கொள்வோம். உயரமாக வளரும், மழையை நம்பிப் பயிரிடலாம், சப்பாத்திக்கு அதுபோல வராது என்று வட இந்தியாவில் இன்றும் சொல்வார்கள். ஆனால் துருவுக்கு ஆகாது. ஒரு காட்டுப் புல்லிலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்ஆர்24, எல்ஆர்24 என்ற இரட்டை மரபணுவை இதில் சேர்க்கவேண்டும். ஒருமுறை கலந்தால் பிள்ளைச் செடி பாதிதான் சி306 ஆக இருக்கும், சப்பாத்தியின் மென்மை போய்விடும். அந்தப் பிள்ளைகளில் நோய் பிடிக்காதவற்றை எடுத்து மறுபடியும் சி306 உடன் கலக்கவேண்டும். மறுபடியும், மறுபடியும். ஆறேழு முறைக்குப் பிறகு கிடைப்பது ஏறக்குறைய முழுவதும் சி306, ஆனால் துருவை எதிர்க்கும் சி306. ஹெச்டபிள்யூ 2004 என்ற ரகம் இப்படி வந்தது. ஹெச்டபிள்யூ என்ற பெயரில் உள்ள டபிள்யூ வெலிங்டனைக் குறிப்பது.

1950களிலிருந்து இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் அங்கே இயங்குகிறது. நோய்க்குச் சாதகமான குளிரும் ஈரமும் இருப்பதால் ஆண்டு முழுவதும் துரு இயற்கையாகவே இருக்கும். அதோடு, வடக்கே ஏப்ரலில் அறுத்த விதையை மே மாதத்தில் இங்கே விதைத்து, நவம்பர் விதைப்புக்கு முன் திருப்பி அனுப்பிவிடலாம். ஒரே ஆண்டில் இரண்டு தலைமுறை. போர்லாக் மெக்சிகோவில் கடற்கரைச் சமவெளிக்கும் உயர்ந்த மலைக்கும் இடையே விதையைத் தூக்கிக்கொண்டு அலைந்து செய்ததை இங்கே டெல்லிக்கும் நீலகிரிக்கும் இடையே செய்கிறார்கள். பத்து ஆண்டு எடுக்கும் வேலை ஐந்தாறில் முடிகிறது. மலை விவசாயிக்கென்று துருவைத் தாங்கும் சம்பா கோதுமையும் இங்கிருந்து வந்திருக்கிறது. அதில் ஒன்றின் பெயரே நீலகிரி கப்லி.

நீலகிரியில் கோதுமைப் பரப்பு இன்று சுருங்கிவிட்டது. தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. மத்திய இந்தியாவில் கருந்துரு பெரிய அளவில் வந்து பல பத்தாண்டு ஆகிறது. அங்கே எதிர்ப்பு ரகங்கள் நிற்பது ஒரு காரணம், இங்கே மலையில் நோய்க்கு இடம் குறைந்தது இன்னொரு காரணம். வெலிங்டன் நிலையத்தின் பாத்திகளில் மட்டும் நோய் எளிதில் பிடிக்கும் பழைய ரகங்களை வேண்டுமென்றே வரிசை வரிசையாக விதைக்கிறார்கள், துரு நன்றாகப் பரவட்டும் என்று. அதற்கு நடுவில் புதிய கலப்புகள் நிற்கும். தண்டைத் திருப்பிப் பார்த்து, கொப்புளத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, அடுத்த வரிசைக்குப் போவார்கள். நேற்றுவரை சுத்தமாக இருந்த ஒரு ரகத்தில் இன்று ஒரே ஒரு பெரிய கொப்புளம் இருந்தால், அந்தத் தண்டை வெட்டிக் காகித உறையில் போட்டு, இனம் என்ன என்று பார்ப்பதற்குச் சிம்லாவின் ஃபிளவர்டேல் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும்.